கிணற்றில் நஞ்சு சிதைந்ததா, நகர்ந்ததா? காவிரி டெல்டாவில் ஐசோடோப்புப் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தடி நீரில் கலக்கும் குளோரின் சேர்ந்த ரசாயனங்கள் மண்ணுக்குள் எப்படிச் சிதைகின்றன, சிதைந்துவிட்டன என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகளும் வேதியியல் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது என் வேலை. "அளவு குறைஞ்சிடுச்சு, இனி கவலை இல்லை" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு பதற்றம் வரும். அந்தப் பதற்றத்துக்கான காரணமும் இதில் இருக்கிறது.

எந்த ரசாயனங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக இரண்டு. ஒன்று பெர்குளோரோஎத்திலீன், டிரை கிளீனிங் கடைகளில் துணி வெளுக்கப் பயன்படுவது. இன்னொன்று டிரைகுளோரோஎத்திலீன், உலோகச் சாமான்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பட்டறைகளில் பயன்படுவது. சுருக்கமாக பெர்குளோர், டிரைகுளோர் என்று எழுதுகிறேன். இரண்டிலும் இரண்டு கார்பன் அணுக்கள் உண்டு. முதலாவதில் நான்கு குளோரின், இரண்டாவதில் மூன்று.

டீசலோ மண்ணெண்ணெயோ கொட்டினால் தண்ணீரின் மேல் மிதக்கும். இவை மிதக்காது. பெர்குளோர் தண்ணீரைவிட 1.6 மடங்கு கனம், டிரைகுளோர் கிட்டத்தட்ட 1.5 மடங்கு. நிலத்தடி நீர்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, களிமண் அடுக்கு தடுக்கும் இடத்தில் குட்டையாகத் தேங்கிவிடும். அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். மணலும் களியும் மாறி மாறிப் படிந்த நம் வண்டல் பூமியில் இப்படித் தேங்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

டிரைகுளோர் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் முதல் வகையில் சேர்த்தது. குடிநீரில் லிட்டருக்கு 8 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்த அளவில் நிறமும் தெரியாது, வாசனையும் வராது.

டெல்டா வேளாண் மண்டலம்தானே? இங்கே இதெல்லாம் எங்கிருந்து வரும்?

2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது உண்மை. ஆனால் வெளுப்புக் கடை, லேத் பட்டறை, முலாம் பூசும் இடம் எல்லாம் எந்த ஊரிலும் உண்டு. பெரிய ஆலைதான் வேண்டும் என்றில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் டிரைகுளோர் 1.46 கிலோ எடை. லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்ற அளவுக்கு அது தண்ணீரைக் கெடுக்குமானால், கெடும் தண்ணீர் 18 கோடி லிட்டருக்கு மேல். கொல்லையில் கவிழ்ந்த ஒரு கேன் போதும் என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

மண்ணுக்குள் இவை தானாகச் சிதையுமா?

சிதையும். ஆனால் ஆக்சிஜன் இல்லாத இடம் வேண்டும். தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டும்போது வயலிலிருந்து ஒரு சேற்று வாடை வருமே, அந்த மாதிரி மூச்சு முட்டிய மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த வேலையைச் செய்கின்றன. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல அவை குளோரின் கலந்த மூலக்கூற்றைச் சுவாசிக்கின்றன. ஒவ்வொரு குளோரினாகக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைக்கும். பெர்குளோர் டிரைகுளோராகும், அது டைகுளோரோஎத்திலீனாகும், அது வினைல் குளோரைடாகும், கடைசியில் எத்திலீன். எத்திலீன் வேறொன்றுமில்லை, வாழைத்தாரைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். தண்ணீரில் அந்த அளவுக்கு இருந்தால் தீங்கில்லை.

கடைசிப் படி வரை கொண்டுபோகும் திறமை மிகச் சில பாக்டீரியாக்களுக்கே உண்டு. டீஹாலோகாக்காய்டஸ் என்பது அதில் பேர்போனது. 1997-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அது இல்லாத மண்ணில் வேலை பாதியில், பெரும்பாலும் டைகுளோரோஎத்திலீனிலோ வினைல் குளோரைடிலோ, நின்றுவிடும். வினைல் குளோரைடு தாய்ப் பொருளைவிட மோசமானது, உலக சுகாதார நிறுவன அளவு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம்தான். பாதிச் சிதைவு சில சமயம் சிதையாமல் இருப்பதைவிட ஆபத்து.

ஐசோடோப்பு என்றால் கதிர்வீச்சா? கிணற்றுக்குள் ஏதாவது போடுவீர்களா?

இல்லை. எதையும் போடுவதில்லை, தண்ணீர் எடுப்பதோடு சரி.

ஒரே தனிமத்தில் எடை கொஞ்சம் வேறுபட்ட அணுக்கள் உண்டு, அவற்றைத்தான் ஐசோடோப்பு என்கிறோம். கார்பனில் 100-க்கு ஏறத்தாழ 99 அணு கார்பன் 12, மீதி ஒன்று கார்பன் 13. குளோரினில் முக்கால் பங்கு குளோரின் 35, கால் பங்கு குளோரின் 37. நான்குமே நிலையானவை, கதிர்வீச்சு இல்லாதவை. உங்கள் வீட்டு அரிசியிலும் சமையல் உப்பிலும் இருப்பவை.

எடையில் இருக்கிற அந்தச் சின்ன வித்தியாசம் சிதைவை எப்படிக் காட்டும்?

களத்தில் நெல் தூற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று பதரை முதலில் தள்ளிக்கொண்டு போகும், மணி காலடியில் விழும். தூற்றத் தூற்றக் குவியலில் மணியின் பங்கு கூடும். கார்பன் 12 இருக்கும் பிணைப்பு கார்பன் 13 இருக்கும் பிணைப்பைவிடக் கொஞ்சம் சுலபமாக உடையும். அதனால் பாக்டீரியா லேசான மூலக்கூறுகளைச் சற்று வேகமாகச் சிதைக்கும். சிதையாமல் மிச்சம் இருப்பதில் கனமான கார்பனின் பங்கு ஏறிக்கொண்டே போகும்.

இப்போது அதே நெல்லைத் தூற்றாமல் களம் முழுக்கப் பரப்புங்கள். மணிக்கும் பதருக்கும் உள்ள விகிதம் மாறுமா? மாறாது. பாதியைக் கூடையில் அள்ளி வேறு இடத்தில் கொட்டினாலும் மாறாது. தண்ணீர் கலந்து நீர்த்துப்போவது முதல் வகை. ரசாயனம் வேறு பக்கம் நகர்வதும் களியில் ஒட்டிக்கொள்வதும் இரண்டாவது வகை. இவற்றால் அளவு குறையும், விகிதம் அநேகமாக அப்படியே இருக்கும். விகிதம் நன்றாக மாறியிருந்தால் பிணைப்பு உடைந்திருக்கிறது என்று பொருள்.

மாதாமாதம் அளவை மட்டும் பார்த்தால் போதாதா? இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டுமா?

வேறு ஊரில் ஒருவேளை போதலாம். டெல்டாவில் போதாது. இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது, அப்புறம் வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்குப் போகிறது. சில நாட்களில் ஊற்று ஏறும், ஃபில்டர் பாயிண்ட்டுகளில் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகளில்) நீர்மட்டம் மேலே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அதன்மேல் கொட்டும். கோடையில் எல்லாம் இறங்கும். அதாவது நம் நிலத்தடி நீர் வருஷத்துக்கு ஒரு முறை பெரிதாக நீர்த்து, மறுபடி செறிகிறது.

ஒரு பட்டறைக்குக் கீழ்ப்பக்கம் ஒரு கிணறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மே மாதம் டிரைகுளோர் லிட்டருக்கு 60 மைக்ரோகிராம், செப்டம்பரில் 20. காகிதத்தில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. பாக்டீரியா தின்றுவிட்டதா, காவிரி கலந்துவிட்டதா? அந்த இரண்டு எண்களும் இதற்குப் பதில் சொல்லாது. அடுத்த மே மாதம் மறுபடி 60 வந்தால்தான் ஏமாந்தது தெரியும். அதற்குள் ஒரு வருஷம் யாரோ அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பார்கள்.

திறப்புத் தேதியும் நிலையில்லை. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். ஒரே மாதத்தில் எடுத்த மாதிரி என்றாலும் இரண்டு வருஷ எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. கார்பன் விகிதம் இந்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் மசியாது. மேலே சொன்ன கிணற்றில் மே, செப்டம்பர் இரண்டிலும் விகிதம் ஒன்றேயானால் அது காவிரி செய்த வேலை. விகிதம் கனமான பக்கம் நகர்ந்திருந்தால் அது பாக்டீரியாவின் வேலை.

குளோரின் கழன்றால் தண்ணீரில் குளோரைடு கூடுமே, அதைப் பார்க்கலாமே?

நல்ல கேள்வி, மாணவர்கள்தான் இதைக் கேட்பார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் டிரைகுளோர் முழுசாகச் சிதைந்தாலும் வெளிவரும் குளோரைடு 0.8 மில்லிகிராம்தான். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. 100-க்கு ஒரு பங்கு கடல்நீர் உள்ளே ஏறினாலே 190 மில்லிகிராம் வந்துவிடும். வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடைப் பகுதியில் அந்த 0.8-ஐத் தேடுவது வீண் வேலை.

அறிக்கையில் "டெல்டா கார்பன் 13, மைனஸ் 28" என்று போடுகிறார்களே, என்ன அர்த்தம்?

காவிரி டெல்டாவும் இந்த டெல்டாவும் ஒரே கிரேக்க எழுத்திலிருந்து வந்த பெயர்கள். ஆற்றுக்கு முக்கோண வடிவப் பெரிய எழுத்து, இதற்குச் சின்ன எழுத்து. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு நியம அளவைவிட உங்கள் மாதிரியில் கார்பன் 13 விகிதம் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூடவோ குறையவோ இருக்கிறது என்பதே அந்த எண். மைனஸ் 28 என்றால் நியமத்தைவிட ஆயிரத்துக்கு 28 பங்கு குறைவு. மைனஸ் 28 மைனஸ் 18 ஆனால் கனமாகியிருக்கிறது என்று அர்த்தம். மைனஸ் என்பதால் பலர் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள், கவனம்.

அதிலிருந்து எவ்வளவு சிதைந்தது என்று கணக்கிட முடியுமா?

முடியும். ராலே சமன்பாடு என்று ஒன்று உண்டு. அதற்கு மூன்று எண் வேண்டும்: மூலத்தில் இருந்த விகிதம், கிணற்றில் இருக்கும் விகிதம், அந்த பாக்டீரியா லேசானதை எவ்வளவு விரும்பித் தின்கிறது என்பதைச் சொல்லும் செறிவுக் காரணி. மூலம் மைனஸ் 28, கிணறு மைனஸ் 18, காரணி மைனஸ் 10 என்று வைத்தால், மிச்சம் இருப்பது 36 சதவீதம் என்று வரும். 64 சதவீதம் சிதைந்துவிட்டது.

சரி, அந்த 64-ஐக் கல்லில் பொறித்துவிட வேண்டாம். டிரைகுளோருக்கு இந்தக் காரணி பாக்டீரியாவைப் பொறுத்து மைனஸ் 3 முதல் மைனஸ் 14 வரைகூட மாறும். எதை எடுக்கிறோம் என்பதில்தான் விடை தொங்குகிறது. நேர்மையான ஆய்வாளர் ஒரு எண்ணைத் தராமல் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் தருவார். இன்னொன்று: ஒரு போர்வெல் பல மணல் அடுக்குகளிலிருந்து தண்ணீர் இழுக்கும். நன்றாகச் சிதைந்த அடுக்கும் சிதையாத அடுக்கும் கலந்தால் கணக்கு உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். தேங்கிய குட்டைக்குப் பக்கத்திலும் அப்படித்தான், புதுசு கரைந்துகொண்டே இருப்பதால் பழசின் சிதைவு மறைந்துவிடும்.

எவ்வளவு மாறினால் சிதைவு என்று நம்பலாம்?

ஆயிரத்துக்கு 2-க்கு மேல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்லும் அளவு அது. கருவியின் பிழையே அரை வரை இருக்கும், ஆவியாவதாலும் ஒட்டிக்கொள்வதாலும் துளி மாற்றம் வரலாம். 1 மாறியதை வைத்துக்கொண்டு யாரும் கொண்டாடக் கூடாது.

வேலை பாதியில் நின்றுவிட்டதா என்று தெரியுமா?

தெரியும், இந்த முறையின் ஆகப்பெரிய பலமே இதுதான். தாயை மட்டும் பார்க்காமல் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பெர்குளோர் சிதையும்போது லேசானது முதலில் போகிறதல்லவா, அதனால் ஆரம்பத்தில் பிறக்கும் டிரைகுளோரும் டைகுளோரும் தாயைவிட லேசாக இருக்கும். அவையும் சிதையத் தொடங்கினால் அவையும் கனமாகும். மூலப் பெர்குளோர் மைனஸ் 28 என்று தெரியும். கிணற்றில் டைகுளோரோஎத்திலீன் மைனஸ் 20 காட்டினால் அது தானும் சிதைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஏனென்றால் வெறுமனே பிறந்து சேர்ந்தது மட்டும் என்றால் எல்லாத் தாயும் பிள்ளையாக மாறினாலும் மைனஸ் 28-ஐத் தாண்டாது. மைனஸ் 28-லேயே நிலையாக நின்று, அளவும் அப்படியே இருந்தால் வேலை அங்கே நின்றுபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

கார்பன் மட்டும் போதுமா, குளோரினும் பார்க்க வேண்டுமா?

பணம் இருந்தால் இரண்டும். இரண்டின் மாற்றத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்தால் கோட்டின் சாய்வு எந்த வழியில் சிதைந்தது என்று காட்டிக்கொடுக்கும்.

ஹைட்ரஜன் இன்னொரு துப்பு. ஆலையில் செய்த டிரைகுளோரில் கன ஹைட்ரஜன் மிக அதிகம், ஆயிரத்துக்குப் பிளஸ் சில நூறு. மண்ணுக்குள் பெர்குளோரிலிருந்து பிறந்த டிரைகுளோர் தன் ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து எடுப்பதால் மைனஸில் ஆழமாகப் போய்விடும். கிணற்றில் இருக்கும் டிரைகுளோர் பட்டறையிலிருந்து நேராக வந்ததா, வெளுப்புக் கடைப் பெர்குளோரின் பிள்ளையா என்ற சண்டையை இது தீர்த்து வைக்கும்.

கடலோரத்தில் சிதைவு வேகமா, மெதுவா?

வெப்பம் நமக்குச் சாதகம். நம் நிலத்தடி நீர் குளிர்நாட்டு நீரைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் இந்த பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பாக இருக்கும். உப்பு ஏறிய இடத்தில் பாதகம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 மில்லிகிராம் சல்பேட் உண்டு. சல்பேட்டைச் சுவாசிக்கும் வேறு பாக்டீரியாக்கள் அதே ஹைட்ரஜனுக்குப் போட்டி போடும், அங்கே வேலை டைகுளோரில் தேங்கலாம். வயலில் கூடுதலாக இட்ட யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட்டும் அப்படித்தான் குறுக்கே நிற்கும். இன்னொரு பக்கம், சல்பேட் மாறி உருவாகும் இரும்பு சல்பைடு, அந்தக் கறுப்புச் சேறு, பாக்டீரியா இல்லாமலேயே டிரைகுளோரை உடைக்கும். ஆக, கடலோரக் கிணற்றைக் கடலுக்குத் தள்ளி உள்ளே இருக்கும் கிணற்றோடு சேர்த்து முடிவு சொல்லக் கூடாது.

எங்கள் அப்பா காலத்தில் வயலில் பி.ஹெச்.சி. பூச்சிமருந்துப் பவுடர் போட்டோம். அதற்கும் இந்தப் பரிசோதனை உதவுமா?

இந்தக் கேள்வியை வயதானவர்கள் குற்ற உணர்வோடு கேட்கிறார்கள். அப்போது போடச் சொன்னார்கள், போட்டீர்கள், உங்கள் தப்பில்லை. 1997-ல் இந்தியாவில் தடை வந்தது. அதில் இருந்த காமா வகையான லிண்டேனுக்கும் பின்னால் 2013-ல் தடை வந்தது.

பி.ஹெச்.சி. மூலக்கூற்றில் ஆறு கார்பன், ஆறு குளோரின். தண்ணீர் நின்ற நெல்வயல் மண்ணில் காமா வகை ஓரளவு சீக்கிரம் சிதையும், பீட்டா வகைதான் பிடிவாதமாக நிற்கும். ஐசோடோப்பு முறை இதற்கும் பொருந்தும், ஆனால் சமிக்ஞை மெலிந்திருக்கும். பிணைப்பு உடையும் இடத்தில் ஓரிரண்டு கார்பன்தான், கருவியோ ஆறையும் சேர்த்து எரித்து அளக்கிறது. இரண்டே கார்பன் உள்ள டிரைகுளோரில் தெளிவாகத் தெரியும் மாற்றம் இங்கே பங்கு போட்டுக் குறைந்துவிடும்.

சிதைவை நாமே வேகப்படுத்த முடியுமா?

சர்க்கரை ஆலை மொலாசஸை நிலத்துக்குள் செலுத்துவது உலகில் பல இடங்களில் செய்த முறை. பாக்டீரியாக்கள் அதைத் தின்று ஹைட்ரஜன் தரும், ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். ஆனால் தெரிந்தவர் மேற்பார்வை இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். வினைல் குளோரைடில் நின்றுவிட்டால் இருந்ததைவிட மோசம். இரும்பும் மாங்கனீசும் கரைந்து தண்ணீர் செந்நிறமாகும், மீத்தேனும் வரும். இந்த வேலையின்போது மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஐசோடோப்பு பார்ப்பது கட்டாயம் என்பேன்.

இப்போதைக்கு அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

வேண்டாம். டிரைகுளோர் 87 டிகிரியிலேயே கொதிக்கும், காய்ச்சினால் ஆவியாகி அடுப்படியில் நிற்பவரின் மூச்சுக்குள் போகும். முடிவு வரும்வரை வேறு கிணற்றுத் தண்ணீரைக் குடியுங்கள். கரி வடிகட்டி பெர்குளோரையும் டிரைகுளோரையும் பிடிக்கும், வினைல் குளோரைடைச் சரியாகப் பிடிக்காது.

மாதிரி எப்படி எடுப்பது, எப்போது எடுப்பது?

இவை ஆவியாகும் பொருட்கள், குடத்தில் பிடித்து பாட்டிலில் ஊற்றினால் கதை முடிந்தது. பம்பை ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த பழைய தண்ணீர் போன பிறகு, 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் வேகம் குறைத்து நிரப்ப வேண்டும். மூடிய பின் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் அந்தக் குப்பி வேண்டாம், புதிதாக எடுங்கள். ஆரம்ப காலத்தில் நான் ஒரு சின்னக் குமிழியைப் பொருட்படுத்தாமல் அனுப்பிவிட்டு, அந்தக் கிணற்றுக்கு மறுபடி 70 கிலோமீட்டர் போனேன். பாக்டீரியாவை நிறுத்த ஆய்வகம் சொல்லும் அமிலத்தைச் சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்புங்கள். மழைநீர் ஐசோடோப்பு பார்க்கும் எல்லா ஆய்வகமும் இதைச் செய்யாது. ரசாயனத்தைத் தனியாகப் பிரித்து எரித்து அளக்கும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கிணறு போதாது. மூலத்துக்குப் பக்கத்தில் ஒன்று, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இரண்டு என்று குறைந்தது மூன்று கிணறு வேண்டும். மேட்டூர் திறப்பதற்கு முன் மே மாதத்தில் ஒரு முறை, ஆற்றுத் தண்ணீர் வந்து ஊற்று ஏறிய பின் செப்டம்பரில் ஒரு முறை, மழை ஓய்ந்து தை மாதத்தில் ஒரு முறை எடுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் தேதி, நீர்மட்டம் எத்தனை அடி, பக்கத்து வாய்க்காலில் அன்று தண்ணீர் ஓடியதா என்ற மூன்றையும் எழுதுங்கள். வாய்க்கால் விவரம் ஆய்வகப் படிவத்தில் கேட்டிருக்காது, நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும்.